ஒன்பதாவது வரி

ஹெல்டர்மா துறையில் போன மின்சாரம்
மூன்றரை மணி நேரம் கழித்து வந்தது.
விளக்குகள் உடனே ஒப்புக்கொண்டன.
காபி இயந்திரம்கூட.
சீட்டு விற்கும் சர்வர் மட்டும்
கம்பளிக்கு வெளியே ஒரு காலை நீட்டி
மனம் மாறியவனைப் போல
பாதியில் நின்றது.

வெளியே பனியில் நாற்பது கார்கள்,
ஒரு பால் லாரி,
அவசரம் ஏதுமில்லாத ஒரு சவ வண்டி.
பயணிகள் பட்டியல் இல்லாமல் கப்பல் கிளம்பக் கூடாது.
கேப்டன் ஐனார் மேல்தளத்தில் நின்று
சட்டத்தை மரியாதையாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

மாரிக்கா அக்கரைக்குப் போன் போட்டாள்.
உர்மாஸ் ரோஹுகூலாவில், கருவிப் பையோடு தயார்.
'கப்பலை அனுப்பு, வந்து சரிசெய்கிறேன்.'
'நீ வந்து சரிசெய்தால்தான் கப்பல்.'
நடுவே இருபத்தாறு கிலோமீட்டர் உறைந்த கடல்
கொஞ்ச நேரம் இருவர் சார்பிலும் பேசாதிருந்தது.

திரையில் சிவப்பு எழுத்துகள்.
சேமிப்பகத்தை இணைக்க வேண்டும்.
அதன் பெயர் தெரியும், முகவரி தெரியாது.
முகவரி சொல்வது பெயர்ச் சேவை.
பெயர்ச் சேவையின் ஏடுகள் தரவுத்தளத்தில்.
தரவுத்தளம் குடியிருப்பது சேமிப்பகத்தில்.
சேமிப்பகத்தை இணைக்க வேண்டும்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்தான் தெளியும் பைத்தியம்
என்போம் நாம்.
மாரிக்கா எஸ்டோனிய மொழியில் சொன்னது
இரண்டே அசை. அச்சுக்கு ஆகாது.

ஒவ்வொரு கோப்பாகத் திறந்தாள்.
தனியாகப் பார்த்தால் எல்லாம் யோக்கியம்.
'இன்னதற்குப் பின்' என்று ஒரு வரி.
'இன்னது வேண்டும்' என்று இன்னொரு வரி.
வேண்டும் என்று எழுதிவிட்டால்
வரிசை அமைந்துவிடாது.
வரிசையில் நின்றுவிட்டால்
வேண்டியவர் ஆகிவிட மாட்டோம்.
(தார்ட்டுவில் ஒருவனுக்குப் பின்னால்
இரண்டு வருடம் நின்றிருக்கிறாள்.
அது லாகில் இல்லை.)

எண் ஒன்று,
எல்லாச் செயல்களையும் எழுப்பிவிடும் முதல் செயல்,
வட்டத்தைக் கண்டால் ஒரு கண்ணியை அறுத்துவிடும்.
அறுத்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு
மேலே போய்விடும்.
இன்று அறுபட்டது பெயர்ச் சேவை.
பெயர் சொல்ல ஆளில்லாமல்
மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன.

ஆனால் நேற்றுவரை ஓடியதே?
ஓடியது. நானூற்றுப் பதினோரு நாள்,
ஒருமுறைகூட அணையாமல்.
தூங்காதவனுக்கு
எழத் தெரியுமா தெரியாதா என்று
யார் கண்டது?

பழைய பிரதி ஒன்று கிடந்தது.
இரண்டையும் அருகருகே வைத்தாள்.
ஒன்பதாவது வரியைக் காணவில்லை.
சேமிப்பகத்தின் எண், பக்கத்தில் அதன் பெயர்,
மேலே உர்மாஸின் குறிப்பு: அசிங்கம்தான், இருக்கட்டும்.
நீக்கியது யார்?
போன மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை மாலை,
'சுத்தம் செய்தேன்' என்ற குறிப்போடு
மா.

அவளே தட்டினாள், கையால், நான்கு எண்கள்.
யாரையும் கேட்காமல் தெரிந்திருக்க வேண்டிய
ஒரே ஒரு முகவரி.
இணைப்புக் கோப்பிலிருந்து
'பெயர்ச் சேவைக்குப் பின்' என்பதை எடுத்தாள்.
மறுபடி எழுப்பினாள்.

சேமிப்பகம். பச்சை.
தரவுத்தளம், தொண்டையைச் செருமிக்கொண்டு, பச்சை.
பெயர்கள். சீட்டு.
பிரிண்டர் பசியோடு காகிதத்தை இழுத்தது.

போனில் உர்மாஸ்: 'இப்போது வரலாமா?'
'இப்போது வரலாம்.
இப்போது தேவையில்லை.'
'காபி?'
'அது அப்போதே வந்துவிட்டது.'

கீழே கப்பலின் வாய் திறந்தது.
பால் லாரிக்காரர் சவ வண்டிக்குக் கைகாட்டினார்:
நீங்கள் முதலில்.
சவ வண்டிக்காரர் தொப்பியைத் தொட்டு,
இல்லையில்லை, நீங்கள்.
பின்னால் நாற்பது கார்கள் உறும,
இருவரும் புன்னகைத்தபடி நின்றார்கள்.

ஐனார் இறங்கி வந்து
ஒரு விரலை நீட்டினார்.
எதை நோக்கி என்று
மேலே ஜன்னலிலிருந்து
மாரிக்காவுக்குத் தெரியவில்லை.